இடது ஓரத்திலிருந்து ஒரு சாண்

எங்கள் ஆஷ்லின் அக்கா தும்மினால் ஜெர்மனியில் இரண்டு பாலங்கள் ஆடும். ஒன்று விரிசல் விடும். விமானம் செய்கிற கம்பெனிகள் இறக்கை மாட்டுவதற்கு முன்னால் பேராவூரணிக்கு ஆள் அனுப்பி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவதாகக் கேள்வி. சூரியன் கிழக்கே உதிப்பதைக்கூட அவர் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறார்.

இதில் ஜெர்மனி என்ற வார்த்தை மட்டும் உண்மை. மற்றதெல்லாம் நான் சேர்த்தது. ஆனாலும் 2005-ஆம் வருடம் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தொங்கிய ஃப்ளெக்ஸ் பேனரில் இதைவிடப் பெரிய பொய் இருந்தது. அதை அடித்துக் கட்டியது ஒரு பொறியியல் கல்லூரி. நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை உட்கார்ந்து இரண்டு தடவையும் எழுந்து வந்தவள். நான் புளுகினால் மன்னிக்கலாம்.

இனிமேல் அக்காவை அவள் என்றே எழுதுகிறேன். ஒரே தட்டில் கருவாடு பொறுக்கித் தின்றவர்களுக்குள் என்ன மரியாதை.

அவளுடைய அப்பா சவரியப்பன் மாமா எங்கள் வாய்க்காலுக்கு லஸ்கர். வாய்க்காலில் இருக்கிற இரும்பு ஷட்டரை முறை வைத்து ஏற்றி இறக்குவது அவர் வேலை. ஐந்து நாள் மேல்மடைக்காரர்களுக்கு, ஐந்து நாள் கடைமடைக்காரர்களுக்கு. மேல்மடை முறை வந்ததும் சக்கரத்தைச் சுற்றி ஷட்டரை இறக்குவார், தண்ணீர் தேங்கி மேல்மடை வயல்களுக்கு ஏறும். நோட்டை எடுத்து 'மூடப்பட்டது' என்று எழுதுவார், மணி போடுவார், கையெழுத்துப் போடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல் இருந்திருக்கிறார். நோட்டு எழுதாமல் இருந்ததில்லை. அக்கா எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வார்த்தையே 'மூடப்பட்டது'தான் என்று அவள் அம்மா மரியபுஷ்பம் அத்தை சொல்வார்.

அந்த வருடங்களில் எங்கள் பக்கம் இரண்டே பயிர்தான் நன்றாக விளைந்தது. ஒன்று, வெளிநாட்டுக்குப் போகிற பையன்கள். இன்னொன்று, பொறியியல் கல்லூரிகள். நேற்றுவரை கடலை போட்டிருந்த மேட்டு நிலத்தில் இன்று காலையில் போய்ப் பார்த்தால் வளைவு வைத்த வாசல் நிற்கும், உள்ளே ஒரு பஸ் நிற்கும், பஸ்ஸுக்குள் முதல்வர் உட்கார்ந்திருப்பார். நீங்கள் மெக்கானிக்கல் படிக்கலாம், சிவில் படிக்கலாம். கடைசி வருடம் சென்னையிலிருந்து மென்பொருள் கம்பெனிக்காரர்கள் வந்து, எல்லாரையும் ஒரே வேனில் அள்ளிக்கொண்டு போய் ஒரே மாதிரி நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள். நான்கு வருடம் இரும்பைப் பற்றிப் படித்தவன், பிறகு இரும்பைத் தொடுவது லிஃப்ட் பட்டனில்தான்.

அக்கா மெக்கானிக்கல். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அவளையும் ஒரு கம்பெனி அள்ளியிருந்தது. அடுத்த வருடம் ஜூன் மாதம் சேரவேண்டும் என்று கடிதம் வந்து, மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. அக்காவுக்குத்தான் அந்த நாற்காலி பிடிக்கவில்லை. ஒரு பொருளைத் தொடாமலேயே அது எங்கே வளையும், எங்கே உடையும் என்று கணினியில் கண்டுபிடிக்கிற கலை ஒன்று இருக்கிறதாம். கம்ப்யூட்டேஷனல் மெக்கானிக்ஸ். அதைத்தான் கடைசிவரைக்கும் செய்யவேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

அதற்கு ஒரே ஒரு வழி இருந்தது. கல்லூரி அறிவிப்புப் பலகையில், ஃபீஸ் கட்டாதவர்கள் பட்டியலுக்கு அடியில், யாரோ சூயிங்கம் ஒட்டிய காகிதம் ஒன்று. சென்னையில் அகில இந்திய மாணவர் ஆராய்ச்சிப் போட்டி. முதல் பரிசு, ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மூன்று மாதம். அங்கே ஒழுங்காக வேலை செய்தால் மேற்படிப்புக்கும் இடம். ஒரு நிபந்தனை: கணக்குப் போட்டால் மட்டும் போதாது. நிஜமான ஒரு பொருளை அளந்து, கணக்கும் அளவும் ஒத்துப்போவதைக் காட்டவேண்டும்.

மற்ற கல்லூரிப் பிள்ளைகள் விமான இறக்கை, ராக்கெட் மூக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். யாரிடமும் கெஞ்சாமல் அக்காவால் தொட முடிந்த ஒரே பெரிய இரும்பு அப்பாவின் ஷட்டர்தான். அதை எடுத்துக்கொண்டாள்.

துறைத்தலைவர் வைத்தியலிங்கம் சாருக்கு ஆராய்ச்சி என்றால் ஸ்பைரல் பைண்டிங். அட்டை என்ன நிறம், தன் பெயர் முதலில் வருமா என்ற இரண்டு கேள்விகளோடு கையெழுத்துப் போட்டார். அக்கா கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பினாள். 'தங்கள் சுருக்கம் கிடைத்தது' என்று சென்னையிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. அடுத்த வாரமே கடைத்தெருவில் பேனர். 'ஜெர்மனி செல்லும் எங்கள் கல்லூரிச் சாதனை மாணவிக்கு வாழ்த்துகள்.' முதல்வர் படம் ஆள் உயரம், தாளாளர் படம் அதைவிட உயரம், அக்கா ஸ்டாம்ப் அளவு. பின்னணியில் ஈபிள் கோபுரம். அது ஜெர்மனியில் இல்லை என்பது எனக்கே தெரியும்.

கணக்கு என்ன என்று அக்கா எனக்கு வயல் வரப்பில் உட்கார்ந்து சொன்னாள். ஒரு பெரிய தகடு தண்ணீரின் பாரத்தில் எப்படி வளையும் என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அதனால் தகட்டை வயல் மாதிரி சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து வரப்புக் கட்டவேண்டும். ஒவ்வொரு துண்டும் தன்மேல் விழுகிற பாரத்தைப் பக்கத்துத் துண்டிடம் வரப்பு வழியாகச் சொல்லும். எல்லாத் துண்டும் ஒத்துப்போகிறவரை கணினி உட்கார்ந்து பஞ்சாயத்துப் பண்ணும். ஓரங்களில் தகடு எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும் நாம்தான் சொல்லவேண்டும். அதைத் தப்பாகச் சொல்லிவிட்டால் பஞ்சாயத்து முழுக்கத் தப்பு.

கல்லூரியில் இதற்கென்று ஒரு கணினி அறை இருந்தது. திறப்பு விழா நடந்த அன்று பூட்டியது. கதவில் ஜரிகைத் தாள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எனவே அக்கா தானே நிரல் எழுதி, பேராவூரணி லியாகத் அலி அண்ணனின் பிரவுசிங் சென்டரில் மூன்றாம் நம்பர் கணினியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவை ஓட்டினால் அரை நாள் ஓடும். அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு 'தொடாதே, கணக்கு வேகிறது' என்று எழுதி வைத்தது நான். வெளியே பெஞ்சில் குவைத்துக்கு வேலைக்குப் போனவர்களின் மனைவிமார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

"ஏம்மா, அங்க ஒரு மனுசன் அரை நாள் லீவு போட்டுட்டு பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க உக்காந்திருக்கான். உன் ஷட்டர் எப்ப எந்திரிக்கும்?" என்பார் லியாகத் அலி அண்ணன்.

அந்த வரிசையில் அம்சம் அக்காவும் வருவார். கடைமடையில் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம் குத்தகைக்குச் செய்கிறவர். கணவரிடமிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை கேட்பார். லியாகத் அலி அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, நெட்டு ஸ்லோவாக இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். பதினான்கு மாதமாக நெட்டு ஸ்லோ.

ஆகஸ்ட் கடைசியில் ஷட்டரை அளந்தோம். மேல்மடை முறை. ஷட்டர் இறங்கியிருந்தது, அதன் முதுகில் தண்ணீர் மார்பளவு நின்றது. கடிகாரம் மாதிரி முள் வைத்த ஓர் அளவுக் கருவியைக் கல்லூரி ஒர்க்‌ஷாப்பிலிருந்து அக்கா வாங்கி வந்திருந்தாள். இந்தப் பக்கத்தில் தகடு ஒன்பது இடத்தில் எவ்வளவு வளைந்து வெளியே வந்திருக்கிறது என்று அவள் முள்ளைப் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். சவரியப்பன் மாமா கரையில் நின்று, அரசாங்க ஷட்டரை அளக்க உத்தரவு இருக்கிறதா, மேலதிகாரி ஜீப்பில் வந்தால் என்ன சொல்வது என்று மூன்று தடவை கேட்டார். நாலாவது தடவை முள்ளை அவரே குனிந்து பார்த்தார்.

ஒத்துப்போகவில்லை.

கணக்குப்படி தகடு நடுவில் தொப்பை விடவேண்டும். இடது வலது இரண்டும் ஒன்றுபோல. நிஜத்தில் ஷட்டர் லேசாக முறுக்கிக்கொண்டு நின்றது. வலது கீழ்மூலை கணக்கைவிட மூன்று மடங்கு வெளியே வந்திருந்தது. அக்கா துண்டுகளைச் சின்னதாக்கினாள். இரும்பின் தடிமனைத் திரும்ப அளந்தாள். நிரலை வரி வரியாகப் படித்தாள். மூன்று வாரம்தான் இருந்தது. சாப்பாட்டுத் தட்டில் சோற்றைச் சதுரம் சதுரமாகப் பிரித்து வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

காரணம் எனக்குத் தெரியும். ஷட்டருக்கு அடியில் ஒரு கல் இருந்தது. வைத்தது நான்.

வாய்க்கால் காய்ந்து கிடந்த ஜூலை மாதம், பட்டப்பகலில், மாமா சாப்பிடப் போன நேரத்தில், பெருவிரல் தடிமனில் ஒரு தட்டைக் கல்லை இடது ஓரமாகத் தளத்தில் வைத்து, கோயில் கட்டுகிற இடத்திலிருந்து எடுத்து வந்த ஒரு பிடி சிமெண்டால் பூசிவிட்டேன். ஷட்டர் இறங்கினால் அதன்மேல்தான் உட்காரும். கீழே ஒரு இடுக்கு. மேல்மடை முறையிலும் கடைமடைக்கு ஒரு கோடு தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்கள் பழைய ஷட்டர் கசிகிறது என்றுதான் நினைப்பார்கள். எதற்குச் செய்தேன் என்றால், மேல்மடைப் பெரிய பண்ணையார் இராஜாங்கத்தைக் கடுப்பேற்ற. தன் முறைத் தண்ணீரில் ஒரு சொட்டு வீணானாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரை நெடுக ஓடுவார். அதைப் பார்ப்பதில் ஒரு சுகம். அவ்வளவுதான்.

இப்போது சொல்லிவிடலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். சொன்னால் 'மூடப்பட்டது' என்று மாமா எழுதிய அத்தனை பக்கமும் பொய்யாகிவிடும். இராஜாங்கம் மனு எழுதுவதில் கெட்டிக்காரர். மாமாவுக்கு மெமோ வரும். ஷட்டர் ஏறுகிற நாள் பார்த்துக் கல்லைப் பெயர்க்கலாமென்று தண்ணீரில் இறங்கினேன். ஒரு பிடி சிமெண்டு நன்றாகவே பிடித்திருந்தது. நான் செய்த காரியங்களில் உறுதியாக நின்றது அது ஒன்றுதான்.

அக்கா வைத்தியலிங்கம் சாரிடம் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். சார் கணக்கு, அளவு இரண்டு பட்டியலையும் பார்த்தார், அட்டைக்குப் பச்சை நன்றாக இருக்கும் என்றார், பிறகு வழி சொன்னார்.

"அளவை மாத்திக்கம்மா. கணக்க மாத்துறதுதான் கஷ்டம். அளவ மாத்துனா யாருக்குத் தெரியப்போவுது? சென்னைலேருந்து ஷட்டரப் பாக்கவா வரப்போறான்?"

"எங்கப்பா ஷட்டர் சார்" என்றாள் அக்கா.

சார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் லியாகத் அலி அண்ணன் கடையில் அக்கா வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வரி இருந்தது. ஷட்டரின் கீழ் ஓரம் முழுக்கத் தளத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கணினிக்குச் சொல்கிற வரி. தடிமனைச் சந்தேகப்பட்டாள், இரும்பைச் சந்தேகப்பட்டாள், தன் மூளையையே சந்தேகப்பட்டாள். அந்த வரியை மட்டும் அவள் தொட்டதே இல்லை. அது அவள் அளந்த விஷயம் இல்லை. அப்பா நோட்டில் எழுதிய விஷயம்.

"செவ்வந்தி, அப்பா நோட்டுல தப்பா எழுதுவாரா?"

மாமாவா, சேச்சே என்றேன். நான் சொன்ன பொய்களிலேயே மட்டமான பொய் அது.

அக்கா கொஞ்ச நேரம் விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த வரியை அழித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குவைத் வரிசையில் இருந்த ஒரு அம்மா, புருஷன் வரலியா என்று விசாரித்தார்.

அதன்பிறகு ஷட்டர் கீழே ஏதோ ஒரே ஒரு இடத்தில்தான் முட்டி நிற்கிறது என்று வைத்துக்கொண்டு, அந்த இடத்தை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினாள். நடுவில் வைத்தாள், சரிவரவில்லை. வலதில் வைத்தாள், முறுக்கு எதிர்ப்பக்கம் போயிற்று. இடதில் வைத்தாள், கிட்டத்தில் வந்தது. நாலாவது நாள், இடது ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, பெருவிரல் தடிமனில் ஒரு முட்டு என்று வைத்தாள். ஒன்பது இடமும் ஒத்துப்போனது. நான் எழுந்து வெளியே போய் ஒரு சோடா குடித்தேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த கணக்கெல்லாம் இப்படி ஆளைப் பிடிக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் ஒழுங்காகப் படித்திருப்பேன், அல்லது ஒழுங்காக இருந்திருப்பேன்.

அச்செடுத்த காகிதத்தோடு அக்கா நேரே ஷட்டருக்குப் போனாள். மாமா திருகுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஷட்டர் மூடல."

"தெரியும்" என்றார் மாமா. கிரீஸ் தடவுவதை நிறுத்தவில்லை. "சக்கரம் ஒரு சுத்து முன்னாடியே நின்னுடுது. இந்த வருசம் தண்ணி வந்ததுலேருந்து அப்படித்தான்."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க சக்கரத்தக் கேட்ட. நோட்டைத்தானே கேட்ட."

அக்கா காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ, ஏற்றுங்கப்பா, இன்னொரு தடவை அளக்கணும் என்றாள். மாமா ஷட்டரை ஏற்றி, கடப்பாரையோடு இறங்கி, அக்கா காட்டியபடி இடது ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் குத்தினார். மூன்றாவது குத்தில் கல் பெயர்ந்தது. அக்கா அதை வாங்கித் தண்ணீரில் கழுவிப் பார்த்தாள். அது என்னுடைய பாண்டி ஆட்டச் சில்லு. சின்ன வயதில் அதை வைத்துத்தான் அவளை வருடக்கணக்காகத் தோற்கடித்திருந்தேன். அக்கா அதைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டாள். அது யாருடைய சில்லு என்பதை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கல் இல்லாமல் அளந்தபோது பழைய கணக்கு அப்படியே ஒத்துப்போனது. கல்லோடு ஒன்று, கல் இல்லாமல் ஒன்று என்று இரண்டு கணக்கையும் போட்டுக் கட்டுரையை அனுப்பினாள். மாமா அன்றிலிருந்து நோட்டில் 'முழுதும் மூடப்பட்டது' என்று எழுத ஆரம்பித்தார். இராஜாங்கம் நிம்மதியாகத் தூங்கினார். எனக்கு அடுத்த இரண்டு வாரமும் தோள்பட்டை வலி, காரணம் கேட்காதீர்கள்.

அக்டோபரில் சென்னை. மாமா ஷட்டரை விட்டு வரமாட்டார் என்பதால் துணைக்கு நான். குளிரூட்டிய பெரிய அரங்கம். கழுத்தில் பட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் வண்ண வண்ணமான இறக்கைகளைத் திரையில் ஆட்டினார்கள். எல்லா இறக்கையும் கணக்குக்குக் கச்சிதமாக ஒத்துப்போனது. ஒன்றுகூடச் சண்டை போடவில்லை. ஐந்து நடுவர்களில் இரண்டு பேர் கண்ணை மூடிக் கேட்டார்கள். அக்கா மேடையேறி, தன் கணக்கு முதலில் தப்பாகப் போனது என்று ஆரம்பித்தாள். கண் மூடியிருந்தவர்கள் விழித்தார்கள். ஒரு சாண் என்பதைக் கையை விரித்துக் காட்டினாள். அந்தக் கல்லை அங்கே வைத்தது யார் என்று ஒரு நடுவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று சொல்லிவிட்டு அக்கா மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். நான் அங்கே உட்கார்ந்து பிஸ்கட்டை மும்முரமாகக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் பரிசு ஓர் இறக்கைக்குப் போனது. அக்காவுக்கு இரண்டாவது, ஒரு கேடயம், ஒரு பேனா. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் நான் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவை எழுதிப் பார்த்தேன். எழுதவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மெயில் வந்தது. முதல் பரிசு வாங்கிய பையனுக்கு அமெரிக்காவில் ஒரு மென்பொருள் கம்பெனி வேலை கொடுத்துவிட்டதாம். இறக்கையை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு அவன் பறந்துவிட்டான். ஜெர்மனிக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் வரமுடியுமா என்று கேட்டிருந்தார்கள். அதைப் படித்துக் காட்டிய லியாகத் அலி அண்ணன், அன்றைக்கு மட்டும் நெட்டு ஸ்லோ என்று சொல்லவில்லை. கல்லூரியில், பேனரை முன்கூட்டியே கட்டிய தங்கள் தொலைநோக்கைப் பாராட்டி இன்னொரு பேனர் கட்டினார்கள்.

மறுநாள் அக்கா என்னை ஷட்டருக்குக் கூட்டிப்போனாள். மேலே மழை என்று தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். வாய்க்கால் வடிந்து தளம் தெரிந்தது. துப்பட்டா முடிச்சை அவிழ்த்துச் சில்லை எடுத்து என் கையில் வைத்தாள்.

நான் முந்திக்கொண்டேன். இராஜாங்கத்தைக் கடுப்பேற்றத்தான் செய்தேன், வேறொன்றுமில்லை என்று மேலே உங்களுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன்.

"அதையும் கணக்குப் போட்டேன்டி" என்றாள். "அந்த இடுக்குல வர்ற தண்ணி, போற வழியில மண்ணு குடிச்சது போக, மூணு மாவுக்குத்தான் காணும். அந்த வாய்க்கா கடைசில மூணு மா யாருது?"

தெரியாது என்றேன்.

"கல்ல எடுத்த பின்னாடி ரெண்டு வாரம் குடத்தத் தூக்கிட்டு அம்சம் அக்கா நாத்தங்காலுக்கு நடந்தது யாரு? அதுவும் இராஜாங்கத்தக் கடுப்பேத்தவா?"

சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

அக்கா கரையேறினாள். பாதியில் நின்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அப்பா ஒரு மணிக்குச் சாப்பிடப் போவாரு. இந்தத் தடவையாச்சும் நடுவுல வை. ஓரத்துல வச்சா ஷட்டர் முறுக்கிக்கும்."